ஆங்கிலத்தில் செய்முறை உரை: படிப்பதிலும் எழுதுவதிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்டியைப் பிரித்ததும் கையில் வரும் மடித்த தாள், மருந்தோடு வரும் சீட்டு, மென்பொருளை நிறுவச் சொல்லும் பக்கம். ஆங்கில நாளிதழைத் தடையில்லாமல் படிப்பவர்கள்கூட இவற்றில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சொற்கள் எல்லாம் தெரிந்தவைதான், வாக்கியங்களும் சின்னச் சின்னவை. ஆனாலும் கை தப்பான இடத்துக்குப் போய்விடுகிறது. எழுதும்போது சிரமம் இன்னும் கூடும், ஏனென்றால் ஒரு வேலையைத் தமிழில் சொல்லும் முறையே வேறு. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

செய்முறை உரை என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு வேலையை இன்னொருவர் நம் துணையில்லாமல் செய்து முடிக்கும்படி வரிசையாகச் சொல்லும் எழுத்து எல்லாமே செய்முறை உரைதான். சமையல் குறிப்பு, கருவிக் கையேடு, ஆய்வகப் பரிசோதனைக் குறிப்பு, விளையாட்டு விதிகள், ஓர் இடத்துக்கு வழி சொல்வது எல்லாம் இதில் அடங்கும். ஆங்கிலத்தில் 'ப்ரொசீஜர் டெக்ஸ்ட்' என்பார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜே. ஆர். மார்ட்டின், ஜோன் ராத்தரி ஆகிய மொழியியலாளர்கள் பள்ளி மாணவர்களின் எழுத்துகளை வகை பிரித்தபோது இதற்கும் ஒரு தனி இடம் கிடைத்தது. நோக்கம், தேவையானவை, படிகள் என்று வகுப்பில் சொல்லித் தரும் மூன்று பகுதி அமைப்பு அந்த வழியில் பரவியதுதான்.

என்னைக் கேட்டால் நான்காவதாக ஒன்று வேண்டும்: வேலை சரியாக முடிந்ததா என்று தெரிந்துகொள்ளும் அடையாளம். பெரும்பாலான குறிப்புகளில் விடுபடுவது இதுதான்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் வரும் படவிளக்கமும் இதே வகைதானா?

இல்லை. அந்த ஆங்கிலத் திறன் தேர்வின் அகாடமிக் பிரிவில், எழுத்துத் தாளின் முதல் பணியாகச் சில சமயம் ஒரு பொருள் எப்படித் தயாராகிறது என்ற படம் வரும். குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும், சுமார் 20 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். அங்கே நீங்கள் யாரையும் வேலை செய்யச் சொல்லவில்லை, நடப்பதை விவரிக்கிறீர்கள். அதனால் செயப்பாட்டு வினை வரும்: 'தி பீன்ஸ் ஆர் டிரைடு', அதாவது கொட்டைகள் உலர்த்தப்படுகின்றன. செய்முறை உரையிலோ ஏவல் வினை: 'டிரை தி பீன்ஸ்', கொட்டைகளை உலர்த்துங்கள்.

ஆய்வகத்தில் பரிசோதனை முடிந்த பிறகு எழுதும் அறிக்கை மூன்றாவது வகை. அது இறந்தகாலத்தில் வரும்: 'தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டட்', கரைசல் சூடாக்கப்பட்டது. எழுத உட்காரும் முன், படிப்பவர் இனிமேல் செய்யப்போகிறாரா, எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போகிறாரா, நாம் செய்து முடித்ததைக் கேட்கப்போகிறாரா என்று ஒரு நொடி யோசித்தால் வினை வடிவம் தானாக அமைந்துவிடும்.

ஒரு குறிப்பைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடைசி வரி வரை படியுங்கள். கை எதையும் தொட வேண்டாம்.

இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். தனித்தனிப் பலகைகளாக வந்த ஒரு புத்தக அலமாரியைப் பொருத்திச் சேர்க்க உட்கார்ந்தேன். இரண்டாம் படியில் நான்கு திருகாணிகளைப் போடச் சொல்லியிருந்தது. போட்டு, வலுவாக முறுக்கிவிட்டேன். ஆறாம் படிக்கு வந்தபோது பக்கப் பலகையின் துளைகள் எதுவும் நேர்க்கோட்டில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டாம் படிக்குக் கீழே ஒரு வரி: 'டூ நாட் ஃபுல்லி டைட்டன் தி ஸ்க்ரூஸ் அன்டில் ஸ்டெப் 8'. எட்டாம் படி வரும் வரை முழுசாக முறுக்காதே என்று அர்த்தம். எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. அந்த வரியை மேலேயே வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் கையேடுகள் எப்போதும் அப்படி அமைவதில்லை, அதனால் படிப்பவர்தான் முன்கூட்டியே ஒரு சுற்று போய்வர வேண்டும்.

அந்த முதல் சுற்றில் மூன்றைத் தேடுங்கள்: எங்கே காத்திருக்க வேண்டும், எங்கே 'டூ நாட்' வருகிறது, எங்கே 'ரிபீட் ஸ்டெப்ஸ் 3 டு 5' போலத் திரும்பிப் போகச் சொல்கிறது.

வரிசைப்படிதான் செய்தேன், ஆனாலும் தப்பாகிவிட்டது. ஏன்?

கண் படிக்கும் வரிசையும் கை செய்ய வேண்டிய வரிசையும் ஆங்கிலத்தில் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'ப்ரஸ் தி ரீசெட் பட்டன் ஆஃப்டர் அன்ப்ளக்கிங் தி கேபிள்'. கண்ணில் முதலில் படுவது பட்டனை அழுத்துவது. கை முதலில் செய்ய வேண்டியதோ கேபிளைப் பிடுங்குவது. தமிழில் இதை 'கேபிளைப் பிடுங்கிய பிறகு பட்டனை அழுத்துங்கள்' என்போம். எது முதலில் நடக்கிறதோ அதுவே முதலில் காதில் விழும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்தைப் படித்தால் பாதி வாக்கியத்திலேயே விரல் பட்டனுக்குப் போய்விடும்.

வாக்கியத்தின் நடுவில் 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'அன்டில்', 'வைல்' என்ற நான்கில் ஒன்று வந்தால் அங்கே நில்லுங்கள். பென்சிலால் அந்த வாக்கியத்தின் மேலேயே 1, 2 என்று எண் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. 'வைல்' வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், நம் 'கொண்டே' போல: 'வைல் ஹோல்டிங் தி பவர் பட்டன், ப்ரஸ் வால்யூம் டவுன்' என்றால் பவர் பட்டனைப் பிடித்துக்கொண்டே மற்றதை அழுத்த வேண்டும். 'ப்ரஸ் அண்ட் ஹோல்ட்' என்பதும் ஒரே செயல்தான். அழுத்திய விரலை எடுக்காமல் வைத்திருங்கள்.

தெரிந்த சொற்களே வேறு அர்த்தத்தில் வருகின்றனவே, எவற்றைக் கவனிக்க வேண்டும்?

அதிகம் ஏமாற்றுவது 'ஒன்ஸ்'. 'ஸ்டிர் ஒன்ஸ்' என்றால் ஒரு முறை கிளறு. 'ஒன்ஸ் தி வாட்டர் பாய்ல்ஸ்' என்று வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் தண்ணீர் கொதித்ததும். அங்கே 'ஒரு முறை' என்ற எண்ணத்துக்கே வேலை இல்லை.

அடுத்து 'ரீப்ளேஸ்'. இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு, இரண்டும் கையேடுகளில் வரும். 'ரீப்ளேஸ் தி ஃபில்டர்' என்றால் பெரும்பாலும் பழைய வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதியதைப் போடு. 'ரீப்ளேஸ் தி கவர்' என்றால் பெரும்பாலும் கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டு. சூழ்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: முந்தைய படியில் அதே பொருளைக் கழற்றச் சொல்லியிருந்தால், திரும்ப மாட்டுவதாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதும்போது இந்தச் சொல்லையே தவிர்த்து, 'புட் தி கவர் பேக் ஆன்' என்றோ 'இன்ஸ்டால் எ நியூ ஃபில்டர்' என்றோ எழுதிவிடுங்கள்.

'ஷுட்' நுட்பமானது. 'யூ ஷுட் வேர் க்ளவ்ஸ்' என்றால் கையுறை போடுங்கள் என்ற அறிவுரை. 'தி லைட் ஷுட் டர்ன் கிரீன்' என்றால் உங்களுக்கு வேலை எதுவும் சொல்லப்படவில்லை. இந்நேரம் விளக்கு பச்சையாக மாறியிருக்கும், மாறவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஒரு நண்பர் இந்த வரியைப் படித்துவிட்டு விளக்கைப் பச்சையாக்கும் பட்டன் எங்கே என்று கருவி முழுக்கத் தேடினார். அவர் ஆங்கிலம் நன்றாகவே அறிந்தவர். வாக்கியத்தின் எழுவாய் 'யூ'வா, பொருளா என்று பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

'மே'யும் இப்படித்தான். 'யூ மே ஸ்கிப் திஸ் ஸ்டெப்' என்பது அனுமதி, வேண்டுமானால் தாண்டிப் போகலாம். 'தி ஸ்க்ரீன் மே ஃப்ளிக்கர்' என்பது சாத்தியம், திரை மினுக்கக்கூடும், பயப்பட வேண்டாம்.

'அலவ் டு கூல்' என்பதில் அனுமதி கொடுக்க யாரும் இல்லை, ஆற விடுங்கள் என்பதுதான். 'லெட் ஸ்டாண்ட் ஃபார் டென் மினிட்ஸ்' என்றால் பத்து நிமிடம் தொடாமல் அப்படியே விடுங்கள்.

மருந்துச் சீட்டில் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது, 'நீட் நாட்' அல்லது 'டோன்ட் ஹேவ் டு' என்றால் தேவையில்லை. இரண்டிலும் 'நாட்' இருப்பதால் ஒன்றுபோலத் தோன்றும். அப்புறம் 'எவ்ரி அதர் டே' என்பது ஒருநாள் விட்டு ஒருநாள்.

'அன்டில்' எழுதும்போது மட்டும் தப்பு வருகிறதே?

படிக்கும்போது பிரச்சினை இல்லை. 'டூ நாட் ஓபன் தி லிட் அன்டில் தி லைட் கோஸ் ஆஃப்' என்றால் விளக்கு அணையும் வரை மூடியைத் திறக்காதீர்கள். நம் 'வரை'யோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழில் அதையே 'விளக்கு அணையாத வரை திறக்காதீர்கள்' என்றும் சொல்வோம். அந்த 'அணையாத' மனத்தில் இருப்பதால் 'அன்டில் தி லைட் டஸ் நாட் கோ ஆஃப்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது தப்பு. 'அன்டில்' வந்தால் அதற்குப் பின்னால் 'நாட்' வேண்டாம். 'அன்லெஸ்' வந்தாலும் அப்படியே, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது.

இன்னொன்று: இனிமேல் நடக்கப்போவதுதான் என்றாலும் 'அன்டில்', 'வென்', 'இஃப்' ஆகியவற்றுக்குப் பின் செய்முறை உரையில் 'வில்' வராது. 'ஸ்டிர் அன்டில் தி சுகர் டிசால்வ்ஸ்'. 'வில் டிசால்வ்' என்று எழுத வேண்டாம்.

எச்சரிக்கைச் சொற்களுக்குள் வித்தியாசம் உண்டா?

உண்டு, அளந்து வைத்த வித்தியாசம். பாதுகாப்பு எச்சரிக்கைகளுக்கான அமெரிக்காவின் ஆன்சி இசட் 535 தரநிலையைப் பின்பற்றும் கையேடுகளில் 'டேஞ்சர்' என்றால் தவிர்க்காவிட்டால் உயிர் போகும் அல்லது பலத்த காயம் ஏற்படும். 'வார்னிங்' என்றால் உயிர் போகலாம் அல்லது பலத்த காயம் ஏற்படலாம். 'காஷன்' என்றால் சிறிய, நடுத்தரக் காயம் ஏற்படலாம். 'நோட்டீஸ்' என்றால் ஆளுக்கு ஆபத்தில்லை, பொருள் கெட்டுப்போகலாம். தமிழில் நாம் எல்லாவற்றையும் 'எச்சரிக்கை' என்றே மொழிபெயர்த்துவிடுவதால் இந்தப் படிநிலை காணாமல் போகிறது.

எழுதுபவர்களுக்கு: எச்சரிக்கை, ஆபத்தான படிக்கு முன்னால் வர வேண்டும். சூடான தட்டைத் தொட்ட பிறகு 'தொடாதே' என்று படிப்பதால் யாருக்கு என்ன பயன்?

'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காததா?

தீப்பிடிக்கும். 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே. தீப்பிடிக்காததை 'நான்-ஃப்ளேமபிள்' என்பார்கள். தொடக்கத்தில் உள்ள 'இன்' எதிர்மறை போல ஒலிப்பதுதான் ஆபத்து. எழுதும்போது 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்கள்.

அளவுகளில் என்ன கவனிக்க வேண்டும்?

டீஸ்பூன் 5 மில்லி லிட்டர், டேபிள்ஸ்பூன் 15. ஆஸ்திரேலியக் குறிப்புகளில் டேபிள்ஸ்பூன் 20. சுருக்கி எழுதும்போது இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் கண் ஏமாறும். வெப்பநிலை 350 என்று இருந்தால் அது பெரும்பாலும் ஃபாரன்ஹீட், செல்சியஸில் ஏறக்குறைய 177.

ஒவ்வொரு படியிலும் 'ப்ளீஸ்' போடாவிட்டால் மரியாதைக் குறைவாகாதா?

ஆகாது. இந்தத் தயக்கம் நமக்கு ஏன் வருகிறது என்று எனக்குப் புரிகிறது. தமிழில் 'அழுத்து' என்றால் வயதில் சிறியவரிடம் பேசுவது, 'அழுத்துங்கள்' என்றால் மரியாதை, 'அழுத்தவும்' என்றால் எழுத்தில் வரும் பொதுவான பணிவு. ஆங்கில ஏவலில் இந்த மூன்றும் ஒன்றே. 'ப்ரஸ்' என்ற வெறும் வினையைப் பார்த்ததும் நம் காதில் 'அழுத்துடா' என்று விழுகிறது, அதைச் சமன்செய்ய 'ப்ளீஸ்', 'கைண்ட்லி' எல்லாம் சேர்க்கிறோம். ஆங்கிலம் படிப்பவருக்கு அது 'அழுத்தவும்' என்றுதான் விழும். பத்துப் படியிலும் 'ப்ளீஸ்' இருந்தால், அவர் தேடும் வினை ஒவ்வொரு முறையும் ஒரு சொல் தள்ளிப் போகிறது. காத்திருக்கச் சொல்வது போல, படிப்பவரைச் சிரமப்படுத்தும் ஓர் இடத்தில் மட்டும் ஒரு 'ப்ளீஸ்' போடலாம்.

தமிழில் தெளிவாக இருப்பது ஆங்கிலத்தில் எழுதினால் குழம்புகிறது. எங்கே கோளாறு?

இதுதான் முக்கியமான கேள்வி. வினையெச்சம் என்று ஓர் அருமையான வசதி தமிழில் இருக்கிறது. ஊற்றி, கலக்கி, இறக்கி, வடித்து என்று எத்தனை செயலையும் ஒரே நூலில் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றில் முடிச்சுப் போடலாம். கேட்பவருக்கு எந்தக் குழப்பமும் வராது. சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவதைத் தமிழில் இப்படிச் சொல்வோம்:

கடிகாரத்தைக் கழற்றி, பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, புதியதைச் சரியான பக்கம் பார்த்துப் போட்டு, நேரத்தைச் சரிசெய்து மாட்டவும்.

நல்ல தமிழ் வாக்கியம். இதே நூலை ஆங்கிலத்தில் இழுத்தால் கிடைப்பது: 'பை ரிமூவிங் தி கிளாக் அண்ட் டேக்கிங் அவுட் தி ஓல்ட் பேட்டரி அண்ட் புட்டிங் தி நியூ ஒன் கரெக்ட்லி, ப்ளீஸ் செட் தி டைம் அண்ட் ஹேங்'. படிப்பவருக்கு இதில் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. உண்மையான ஏவல் 'செட்' என்ற இடத்தில்தான் தொடங்குகிறது, அதற்குள் மூன்று வேலை கடந்து போய்விட்டது.

ஒவ்வொரு எச்சத்தையும் பிடித்து ஏவலாக மாற்றுங்கள். கழற்றி என்பது கழற்றுங்கள், எடுத்துவிட்டு என்பது எடுங்கள். ஒவ்வொன்றும் தனி வாக்கியம், வினை முதலில்:

1. 'டேக் தி கிளாக் ஆஃப் தி வால்.'
2. 'லே இட் ஃபேஸ் டவுன் ஆன் எ சாஃப்ட் க்ளாத்.'
3. 'ரிமூவ் தி ஓல்ட் பேட்டரி.'
4. 'இன்சர்ட் தி நியூ பேட்டரி வித் இட்ஸ் ஃப்ளாட் எண்ட் அகெய்ன்ஸ்ட் தி ஸ்ப்ரிங்.'
5. 'டர்ன் தி நாப் அட் தி பேக் டு செட் தி டைம்.'
6. 'செக் தட் தி செகண்ட் ஹேண்ட் இஸ் மூவிங்.'
7. 'ஹேங் தி கிளாக் பேக் ஆன் தி வால்.'

இரண்டாம் படியும் ஆறாம் படியும் தமிழ் வாக்கியத்தில் இல்லவே இல்லை. எச்சங்களைப் பிரிக்கும்போது அவை தானாக வெளியே வந்தன. கழற்றியதை எங்கே வைப்பது, ஓடுகிறதா என்று எப்போது பார்ப்பது? வினையெச்சம் வழுக்கிக்கொண்டு போகும்போது இந்த இடைவெளிகள் கண்ணில் படாது. 'சரியான பக்கம் பார்த்து' என்பதும் நாலாம் படியில் மறைந்து, தட்டையான முனை ஸ்ப்ரிங்கில் படும்படி என்று கையால் செய்யக்கூடியதாக மாறிவிட்டது.

எது 'எ', எது 'தி'? 'இட்' எங்கே வர வேண்டும்?

முதல் தடவை அறிமுகமாகும் பொருளுக்கு 'எ', இரண்டாம் தடவையிலிருந்து 'தி': 'டேக் எ போல். ஃபில் தி போல் வித் வாட்டர்.' படிப்பவர் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருளுக்கு முதலிலிருந்தே 'தி' வரும். மேலே கடிகாரத்துக்கு 'தி', துணிக்கு 'எ' வந்தது அதனால்தான். எந்தத் துணியானாலும் சரி, ஆனால் கடிகாரம் குறிப்பிட்ட ஒன்று.

தமிழில் செயப்படுபொருளைச் சொல்லாமலே விடலாம், 'எடுத்து வையுங்கள்' என்றால் போதும். ஆங்கிலத்தில் எதை என்று சொல்லியே ஆக வேண்டும்: 'டேக் இட் அவுட்'. சமையல் குறிப்புகளில் மட்டும் 'பேக் ஃபார் ட்வென்ட்டி மினிட்ஸ்' என்று பொருளை விட்டுவிடும் மரபு உண்டு. கருவிக் கையேட்டில் அதைப் பின்பற்ற வேண்டாம். 'இட்' போட்டால் எதைக் குறிக்கிறது என்பதில் சந்தேகம் வரும் என்றால், கூச்சப்படாமல் பெயரையே திரும்ப எழுதுங்கள்.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை மோசமாகத் தெரியாதா?

கட்டுரையில் தெரியும். இங்கே அது நல்ல குணம். முதல் படியில் 'நாப்', மூன்றாம் படியில் 'டயல்', ஐந்தில் 'கன்ட்ரோல்' என்று எழுதினால் மூன்று உறுப்புகள் இருப்பதாகப் படிப்பவர் நினைப்பார்.

விமானப் பராமரிப்புத் துறை இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பொறியாளர்களும் பிழையில்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காக 1986-ல் முதலில் வெளிவந்த விதித்தொகுப்பு, இன்று ஏஎஸ்டி-எஸ்டிஇ 100 என்ற பெயரில் புழங்குகிறது. ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்பது அதன் அடிப்படை. 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும்தான். விதிகளைக் கடைப்பிடிப்பதற்கு 'ஒபே' என்றுதான் எழுத வேண்டும். 'ஃபால்' என்றால் கீழே விழுவது, அளவு குறைவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, விவரிக்கும் வாக்கியம் 25 வரை போகலாம். ஒரே நேரத்தில் செய்ய வேண்டியவை தவிர, ஒரு வாக்கியத்தில் ஓர் ஏவல்தான். நாம் விமானம் பழுதுபார்க்கப் போவதில்லை என்றாலும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற நம்மை மனத்தில் வைத்து எழுதியதுபோல எனக்கு இந்த விதிகள் படும்.

'ஃபர்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'ஃபைனலி' எல்லாம் கட்டாயமா?

எண் போட்டால் தேவையில்லை. பத்தியாக எழுதச் சொன்னால் தேவை. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம்.

நிபந்தனை வரும்போது எப்படி எழுதுவது?

நிபந்தனையை முன்னால் வையுங்கள். 'இஃப் தி லைட் இஸ் ரெட், ஸ்டாப் தி மெஷின்.' இதைத் திருப்பிப் போட்டால், சிவப்பா என்று பார்ப்பதற்குள் ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் நமக்குத் துணை: 'விளக்கு சிவப்பாக இருந்தால்' என்று நாம் இயல்பாகவே முன்னால்தான் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டு போகலாம்.

எவ்வளவு விவரம் போதும்?

படிப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. தாளையே முதன்முதலாக மடிக்கும் குழந்தைக்கும் தினமும் மடிப்பவருக்கும் ஒரே குறிப்பு பொருந்தாது. ஆனால் யாராக இருந்தாலும் 'நன்றாக', 'கொஞ்ச நேரம்', 'தேவையான அளவு' போன்றவற்றைக் கண்டால் சந்தேகப்படுங்கள். 'வெய்ட் ஃபார் சம் டைம்' என்பதைவிட 'வெய்ட் ஃபார் தர்ட்டி செகண்ட்ஸ்' மேல். அதைவிட மேலானது கண்ணுக்கோ காதுக்கோ தெரியும் அடையாளம்: 'வெய்ட் அன்டில் யூ ஹியர் எ க்ளிக்'. கடிகாரம் இல்லாதவரும் அதைப் பின்பற்ற முடியும்.

செக்லிஸ்ட்டும் செய்முறை உரைதானா?

நெருங்கிய உறவு, ஆனால் வேலை வேறு. செய்முறை உரை தெரியாதவருக்கு. செக்லிஸ்ட் தெரிந்தவர் மறக்காமல் இருக்க. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 விமானம் எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து எரிந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். காற்றில் அசையாமல் வால் பகுதியைப் பூட்டி வைக்கும் பூட்டை விடுவிக்காமலே கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத வேலை எதுவும் அதில் இல்லை. அதன் பிறகுதான் விமானிகளுக்கான செக்லிஸ்ட் முறை வேரூன்றியது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை அரங்குகளுக்குக் கொண்டுவந்த பட்டியலும் இதே எண்ணத்தில் வந்ததுதான்.

மொழியும் மாறும். செக்லிஸ்ட்டில் பெரும்பாலும் பொருளும் அது இருக்க வேண்டிய நிலையும் மட்டுமே: 'ஃப்ளாப்ஸ், அப்', அதாவது இறக்கை மடல்கள் மேலே. எப்படிச் செய்வது என்ற விளக்கம் அதில் இருக்காது.

தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் போதாதா?

போடலாம், ஆனால் எச்சங்களைப் பிரித்த பிறகு போடுங்கள். 'எடுத்து துடைத்து வைக்கவும்' என்று கொடுத்தால் எதை எடுப்பது, எதைத் துடைப்பது, எங்கே வைப்பது என்று செயலி ஊகிக்க வேண்டியிருக்கும். 'மூடியை எடுக்கவும். மூடியைத் துடைக்கவும். மூடியை மேசையில் வைக்கவும்.' என்று கொடுத்தால் ஊகிக்க இடமே இல்லை. தமிழாக இது அழகில்லைதான், அந்த ஒரு வரைவுக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். வந்த ஆங்கிலத்தில் 'ஷுட்', 'ரீப்ளேஸ்', 'எ', 'தி' ஆகியவற்றை மட்டும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

எழுதியது சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். 'புரிகிறதா?' என்று கேட்காதீர்கள், புரிகிறது என்றுதான் சொல்வார். அவர் கையை மட்டும் பாருங்கள். கை எங்கே நிற்கிறதோ, எங்கே திரும்பிப் போகிறதோ அந்தப் படிக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். உதவி செய்ய நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள், நீங்கள் சொல்ல வாயெடுக்கும் அந்த வார்த்தைதான் தாளில் இல்லாத வார்த்தை.

மேலே உள்ள கடிகாரக் குறிப்பை அப்படித்தான் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தியிடம் கொடுத்துப் பார்த்தேன். பேட்டரி, ஸ்ப்ரிங் எதிலும் அவள் தடுமாறவில்லை. நின்ற இடம் இரண்டாம் படி. கடிகாரத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, தாளில் உள்ள 'ஃபேஸ் டவுன்' என்ற இடத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் முகத்தைக் கீழே கவிழ்த்தாள். அன்றே அந்த வரியை 'லே தி கிளாக் ஆன் எ சாஃப்ட் க்ளாத் வித் தி க்ளாஸ் சைடு டவுன்' என்று மாற்றிவிட்டேன்.